மகேஸ்வரியின் இடது கன்னம்

பரிசோதனை முடிவுகள் இப்போது நேராகக் கைபேசிக்கே வந்துவிடுகின்றன. பட்டாபிராமில் எங்கள் தெருவில் யாருக்காவது அப்படி ஒன்று வந்தால், நான் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். "ஸ்டெல்லாக்கா, நார்மல்னு போட்டுகீது. அப்போ ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்பார்கள். நான் உடனே ஆமாம் என்று சொல்வதில்லை. உடம்புக்கு என்ன செய்கிறது என்று முதலில் கேட்பேன். சிலர் சலித்துக்கொள்வார்கள். அதிலேயே சரி என்று போட்ட பிறகு இவள் எதற்குக் கிளறுகிறாள் என்று அவர்களுக்குத் தோன்றும்.

நான் வேலை பார்த்த அறையில் இப்போது இருக்கும் பெண்கள், உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் அக்கா என்று சென்ற மாதம் கேட்டார்கள். இயந்திரங்கள் மாறிய கதையை எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். எழுத உட்கார்ந்தால் மகேஸ்வரிதான் வந்து நிற்கிறாள். அதனால் அவளைப் பற்றியே எழுதுகிறேன்.

வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு முதலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். பிறகு மாடியில் நரம்புப் பரிசோதனை அறைக்கு ஆள் வேண்டும் என்று மாற்றினார்கள். பல் ஆஸ்பத்திரியில் நரம்புக்கு என்ன வேலை என்று நானும்தான் நினைத்தேன். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்று, ஓய்வு பெறும்வரை அந்த அறையிலேயே இருந்தேன்.

அந்த அறையின் தலைவர் டாக்டர் சபாநாயகம். உயரமான மனிதர், சற்றே கூன் விழுந்தவர். பேச்சு குறைவு. நோயாளி உள்ளே வந்தால் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டுவார். யாராக இருந்தாலும் 'வாங்க, உட்காருங்க'தான். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியின் முகத்தில் மின்சாரம் வைப்பதற்கு முன்னால், நோயாளி பார்க்கத் தன் உதட்டிலேயே வைத்துக்கொள்வார். சுள்ளென்று பட்டதும் அவர் கண் ஒருமுறை சிமிட்டும். "இவ்வளவுதான். ஆனா இவ்வளவு இருக்கும்" என்பார். 'வலிக்காது' என்ற வார்த்தையை அந்த அறையில் யாரும் சொல்லக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிழவரிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். கிழவர் போன பிறகு சார், "வலிக்குமா இல்லையான்னு அவர்தான் சொல்லணும். நாம அவர் சார்பாச் சொல்லக் கூடாதும்மா" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு நான் அதை ஒருபோதும் சொன்னதில்லை.

நாங்கள் செய்த சோதனையைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. சாப்பிடும்போது சோற்றில் கல் அகப்பட்டால், அல்லது பல் உதட்டைக் கடிக்கப்போனால், தாடை தானாக நின்றுவிடுகிறது. நாம் யோசித்து நிறுத்துவதில்லை. யோசிப்பதற்குள் உதடு நறுக்கென்று போயிருக்கும். வாய்க்குள்ளும் உதட்டிலும் இருக்கும் தொடு உணர்வு மூளையின் அடித்தண்டுக்கு ஓடிச்சென்று, கடிக்கும் தசையைச் சட்டென்று விடச் சொல்கிறது. அதைத்தான் நாங்கள் அளந்தோம். கன்னத்தில் கடிக்கும் தசைமேல் மின்முனைகளை ஒட்டுவோம். பல்லை இறுகக் கடிக்கச் சொல்வோம். திரையில் அடர்ந்த புல் போலக் கோடுகள் எழும்பும். அப்போது முகத்தில் நரம்பு வெளிவரும் இடத்தில் ஒரு சின்ன அதிர்ச்சி கொடுப்போம். புல் சட்டென்று மறைந்து வெறும் தரை தெரியும். மீண்டும் கொஞ்சம் முளைக்கும். இன்னொரு வெறும் இடம் வரும். அப்புறம் பழையபடி அடர்ந்துவிடும். கண் சிமிட்டும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த இரண்டு வெற்றிடங்களும் ஒழுங்காக இருந்தால் நரம்பும் அடித்தண்டும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம்.

கல்லூரி மாணவர்களை வைத்து சார் ஒரு ஆராய்ச்சியும் செய்தார். ஒரு கையை ஐஸ் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு பல்லைக் கடிக்க வேண்டும். கை விறைத்து வலி ஏற ஏற, சிலருக்கு அந்த இரண்டாவது வெற்றிடம் குறுகிப்போகும். வலி கையில், மாற்றம் தாடையில். எல்லாருக்கும் அப்படி வரவில்லை. ஏன் என்று மாணவர்கள் கேட்டால், "தெரியல. வலி ஆளுக்கு ஆள் வேற மாதிரி உள்ள போகுது. வெளியில இருந்து பார்க்கிற நமக்கு ஒரு கோடு மட்டும்தான் தெரியுது" என்பார். பையன்கள் சிரித்துக்கொண்டே கையை விடுவார்கள். சிலர் கண்கலங்கி எடுத்துவிடுவார்கள். சார் ஒருவரையும் இன்னும் கொஞ்சம் பொறு என்று சொன்னதில்லை.

மகேஸ்வரி வந்தது ஒரு மழைக்காலத்தில். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப் ஒன்றில் வேலை. தகட்டை அடியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தால் மேலிருந்து இயந்திரம் இறங்கி அச்சுக் குத்தும், அந்த வேலை. வீடு பட்டரவாக்கம். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். முந்தானையால் முகத்தின் இடது பக்கத்தை மூடாமல், முகத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு திரை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தாள். மின்விசிறிக் காற்று மேலே படக் கூடாது என்பதற்காக. நான் போய் விசிறியை நிறுத்தினேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. இவளுக்காவது தெரிகிறதே என்கிற மாதிரி.

கூட வந்தவன் கணவன் தணிகாசலம். வெல்டிங் வேலை செய்பவன். அவனைக் கெட்டவன் என்று நான் எழுதினால் அது பொய். இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி என்று அவள் முதலில் சொன்னபோது அவன்தான் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான். ஒரு பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லை. வேறொரு கிளினிக்கில் பக்கத்துப் பல். பிறகு அதற்குப் பக்கத்தில். எல்லாம் நல்ல பற்கள் என்று பிறகு தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் வேலைக்கு லீவு போட்டுக் கூட்டிப்போனவன் அவன். கடைசியில் அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பல்லே இல்லாத இடத்தில் எப்படிப் பல் வலிக்கும்? அவள் வீட்டில் பேசுவதில்லை, சிரிப்பதில்லை, அவன் கை முகத்தருகே போனால் வெடுக்கென்று விலகுகிறாள். அவனுடைய அம்மா இதற்கு ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். குடும்பம் நடத்த இஷ்டமில்லாத பெண் போடும் வேஷம் என்று.

மகேஸ்வரி வாயை அதிகம் திறக்காமல் பேசினாள். "கரண்டு மாதிரி ஏறுதுக்கா. மூக்காண்ட ஆரம்பிச்சி கண்ணுக்கு அடியில போவுது. வந்தா வந்த மாதிரியே போய்டும். ஆனா எப்ப வரும்னு பயந்துகினே கீறேன்." ஐந்து வயதில் ஒரு மகள், கீர்த்தனா. அது கன்னத்தில் முத்தம் கொடுக்க வந்தாலும் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்று சொன்னபோது அவள் அழவில்லை. அழுதால் கண்ணீர் வழிந்து அந்த இடத்தைத் தொடும்.

சாருக்கு அதைக் கேட்டதுமே புரிந்துவிட்டது. முகத்து நரம்பில் வரும் வலி இது, பல்லுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் கட்டியோ வேறு ஏதோ அந்த நரம்பை அழுத்துகிறதா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு எங்கள் சோதனை ஒரு வழி.

அன்றைக்கு மாதிரி ஒரு சோதனையை நான் அதற்கு முன்னும் பின்னும் செய்ததில்லை. வலது பக்கம் எளிதாக முடிந்தது. இடது பக்கம் மின்முனையை ஒட்ட வேண்டும். அவளுக்கு நோகக் கூடாதென்று நான் விரலை மிக மெதுவாகக் கொண்டுபோனேன். டேப்பின் ஓரம் மயிரிழை அளவு கன்னத்தில் உரசியது. அவள் கத்தவில்லை. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வாய் பாதி திறந்தபடி நின்றது, கை அந்தரத்தில் அப்படியே உறைந்தது. அது அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அசையாமல் இருந்தோம்.

சார் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மெதுவாத் தொடாதம்மா. இந்த வலிக்கு மெதுவாத் தொடுறதுதான் எமன். நல்லா அழுத்தி ஒரே தடவையா வை."

அப்படியே செய்தேன். உள்ளங்கையை முதலில் அவள் தாடையோரம் திடமாகப் பதித்து, அங்கிருந்து எடுக்காமலே நகர்த்தி, டேப்பை அழுத்தினேன். வலி வரவில்லை. மகேஸ்வரி மூச்சை விட்டாள். அதன்பின் ஒவ்வொரு அதிர்ச்சிக்கு முன்னாலும் சார் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கண்ணால் சரி என்று சொன்ன பிறகுதான் பொத்தானைத் தொட்டார். நடுவில் இன்னொரு முறை வலி வந்தது. பொறுத்துக்கொண்டாள்.

திரையில் இரண்டு வெற்றிடங்களும் அழகாக வந்தன. வலது பக்கம் எப்படியோ இடது பக்கமும் அப்படியே. முடிவில் சார் நார்மல் என்று எழுதினார். பிறகு எடுத்த ஸ்கேனிலும் கட்டி எதுவும் இல்லை.

சார் தணிகாசலத்தை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினார். நார்மல் என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. நரம்பு அறுந்துபோகவில்லை, எதுவும் அழுத்தவில்லை என்றுதான் அர்த்தம். இந்த நோயில் பெரும்பாலும் இப்படித்தான் வரும், வலி நிஜம், மனிதனுக்கு வரக்கூடிய கொடுமையான வலிகளில் ஒன்று என்றெல்லாம் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. தணிகாசலம் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார்" என்றான். வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்து காகிதத்தைப் புரட்டினான். அவனால் படிக்க முடிந்த இங்கிலீஷ் வார்த்தை அதில் ஒன்றுதான் இருந்தது.

சார் கொடுத்த மாத்திரை முதலில் வேலை செய்தது. அடுத்த முறை மகேஸ்வரி தலை வாரி, முகம் கழுவி வந்தாள். முகம் கழுவியதையே ஒரு சேதியாக என்னிடம் சொன்னாள். சோறு பிசைந்து வயிறாரச் சாப்பிட்டதாகச் சொன்னாள். அவளுக்குப் பேச்சு இவ்வளவு வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அந்த மாத்திரை தூக்கம் கொடுக்கும், தலை சுற்றும். அவள் நிற்பது பிரஸ் இயந்திரத்தின் முன்னால். ஒருநாள் தகடு வைத்த கையை எடுக்க அரை நொடி தாமதமாகி, பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மகேஸ்வரி சூப்பர்வைசரிடம் போய், கொஞ்ச நாள் பாக்கிங்கில் போடுங்கள் என்று கேட்டாள். அவர் ஆஸ்பத்திரிக் காகிதம் கேட்டார். சார் எழுதிக் கொடுத்த கடிதத்தோடு சோதனை முடிவையும் சேர்த்து தணிகாசலம் கொண்டுபோய்க் கொடுத்தான். டெஸ்ட்டில் நார்மல் என்று வந்தவளுக்கு எதற்கு வேறு வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டிலும் அதே பேச்சுதான்.

அவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள். சார் அளவைக் குறைத்துப் பார்த்தார். வேறு மாத்திரை கொடுத்ததில் உடம்பெல்லாம் தடித்தது. ஏன் நிறுத்தினாய் என்று நான் கோபப்பட்டபோது அவள் கையை விரித்துக் காட்டினாள்.

"கை போனா சோறு போச்சுக்கா. மூஞ்சிதானே, வலிச்சா வலிச்சிட்டுப் போவுது."

அதற்குப் பிறகு அவள் கரைந்தாள். மெல்ல முடியாமல் கஞ்சியை வலது ஓரமாக விட்டுக் குடித்தாள். ரவிக்கை தோளில் நிற்கவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்ற முடியாததால் முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. மூளைக்குப் பக்கத்தில் திறந்து செய்யும் ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்று சார் சொன்னார். நார்மலாக இருப்பவள் தலையைத் திறக்க விடமாட்டேன் என்று தணிகாசலம் சொல்லிவிட்டான். அவனுக்கு அதில் பயமும் இருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் மகேஸ்வரி தனியாக வந்தாள். கன்னத்தின் வழியாக ஊசியை விட்டு நரம்பின் வேரைச் சுட்டு வலியை நிறுத்துவார்களாமே, அதைச் செய்ய முடியுமா என்று கேட்டாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சார் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "செய்யலாம். பெரிய ஆஸ்பத்திரியில செய்வாங்க. ஆனா வலி மட்டும் போகாதும்மா. தொட்டா தெரியறதும் சேர்ந்து போகும். எவ்வளவு போகும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாது. போனது திரும்பாமலும் போகலாம்" என்றார்.

"மரத்துப் போனாப் போவட்டும் சார். செத்த கன்னத்தோட நான் வாழ்ந்துக்குவேன்" என்றாள்.

சென்ட்ரல் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு சார் எழுதிக் கொடுத்தார். அங்கே செய்தார்கள். வலி அன்றைக்கே நின்றுவிட்டது. கன்னம், மேலுதடு, கீழுதட்டில் பாதி எல்லாம் மரத்துவிட்டன.

சில வாரம் கழித்து எங்கள் அறைக்கு மறுசோதனைக்குத் தணிகாசலத்தோடு வந்தாள். நான் பழக்கதோஷத்தில் விசிறியை நிறுத்தப் போனேன். "ஓடட்டும்க்கா" என்றாள். இந்த முறை ஒட்டுவதில் சிரமமே இல்லை. அவள் பல்லைக் கடித்தாள். திரையில் புல் அடர்ந்தது. சார் தன் உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, இடது பக்கம் அதிர்ச்சி கொடுத்தார். புல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சார் கொஞ்சம் கூட்டினார். அப்போதும் வெற்றிடம் வரவில்லை. மூன்றாவது முறை கூட்டியபோது, மகேஸ்வரி கடித்த பல்லைத் தளர்த்திவிட்டுக் கேட்டாள்: "இன்னும் ஆரம்பிக்கலையா சார்?"

சார் இயந்திரத்தை அணைத்தார். பிறகு முடிவை எழுதி என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். அப்நார்மல் என்று எழுதியிருந்தார். வேறென்ன எழுத முடியும்.

தணிகாசலம் பெஞ்சில் அந்தக் காகிதத்தை விரித்தான். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்தான். அவன் முகம் மாறியிருந்தது.

"அப்போ இவளுக்கு நெஜமாவே இருந்திச்சா மேடம்?"

நான் அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். இது அந்த வலிக்கான முடிவு இல்லை, ஊசி போட்டதால் வந்தது, அவள் துடித்துக்கொண்டிருந்த காலத்தில் வந்த முடிவு முதலில் வந்ததுதான் என்றேன். அவன் காதில் ஏறவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் குலுங்கி அழுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆண்கள் அழுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவன் பக்கத்தில் நிற்க என்னால் முடியவில்லை.

அந்தக் காகிதத்தை அவன் எல்லாரிடமும் காட்டினானாம். அம்மாவிடம், அக்கம்பக்கத்தில், சூப்பர்வைசரிடம். மகேஸ்வரியைப் பாக்கிங்குக்கு மாற்றினார்கள். மாமியார் வாய் மூடிக்கொண்டது. தணிகாசலம் தண்ணீர்க் குடத்தைக்கூட அவளைத் தூக்கவிடுவதில்லை. இதையெல்லாம் மகேஸ்வரியே பிறகு வந்தபோது சொன்னாள். "இப்பதான்க்கா நம்புறாரு. ஒண்ணுமே இல்லாதப்போ" என்றாள். சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வலது பக்கம் மட்டும்தான் ஏறியது.

அன்றைக்கு அவள் வந்தது உதட்டைக் காட்டுவதற்கு. கீழுதட்டின் உட்புறம் சதை பிய்ந்து தொங்கியது. சாப்பிடும்போது கடித்திருக்கிறாள். தாடையை நிற்கச் சொல்ல யாருமில்லை, அது பாட்டுக்குக் கடித்திருக்கிறது. அவள் சோற்றை மென்றுகொண்டே இருந்திருக்கிறாள். கீர்த்தனாதான் தட்டைப் பார்த்துவிட்டு "அம்மா, ரத்தம்" என்றிருக்கிறது. அதன் பின்னும் பல முறை அப்படி நடந்தது. புண் ஆறும், மறுபடி கடிபடும். சார் பல்லின் கூர்மையை ராவி வழவழப்பாக்கிவிட்டார். வலது பக்கமாகவே மெல்லச் சொன்னார். அதற்கு மேல் அவர் கையிலும் எதுவும் இல்லை.

சார் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அங்கேயே காலமானார் என்று செய்தி வந்தது. மகேஸ்வரி வருவதும் படிப்படியாக நின்றுவிட்டது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், குமணன்சாவடியில் பஸ் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது அவளே என்னைப் பார்த்து ஓடி வந்தாள். உடம்பு தேறியிருந்தது. பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வந்தவள். கீர்த்தனா பெரியவளாகி ஸ்கூலில் படிக்கிறாள். என்னைப் பக்கத்து பேக்கரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். பன்னைக் கையால் பிய்த்து வலது ஓரமாக வைத்து மென்றாள். இரண்டு வாய்க்கு ஒருமுறை கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்து, உதட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். ரத்தம் இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த வாய். பார்ப்பவர்கள் அலங்காரம் பண்ணிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

வலி திரும்பி வந்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். நிம்மதியாக இருக்கிறாயா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீறேன்க்கா. கொறை சொல்லக் கூடாது. பொண்ணு இப்ப வந்து கட்டிகினு முத்தம் கொடுக்குது. எந்தப் பக்கம் கொடுக்குதோ, எனக்குத் தெரியறதில்ல. நானா சிரிச்சிக்கிறேன்."

வெளியே பெங்களூர் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் கண்ணாடியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு முகத்தை என் பக்கம் நீட்டினாள்.

"கொஞ்ச நாளா ஏதோ லேசா தெரியற மாதிரி கீதுக்கா. நெசமா, இல்ல மனசுக்கு அப்டி தோணுதான்னு தெரியல. நீ தொட்டுப் பாரேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு அவள் இடது கன்னத்தில் விரலை வைத்தேன். கன்னம் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் மூடிய கண்ணோடு காத்துக்கொண்டிருந்தாள்.

"தொடுக்கா" என்றாள்.